பெரியப்பாவின் ஜாவா 250: இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, எங்கே தொடங்குவது?

மெரூன்250:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா ஓட்டிய ஜாவா 250 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1960களின் வண்டி. இரட்டை சைலன்சர், கிக்கரும் கியரும் ஒரே லீவரில், செயின் முழுக்க மூடிக்குள். அவருக்குக் கண் மங்கியதும் சாய்ப்பில் நிறுத்தினார்கள். இருபது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

இன்றைய நிலைமை இதுதான். கிக்கர் ஒரு அங்குலம்கூட இறங்க மறுக்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாடை, உள்ளே துரு செதில் செதிலாக நிற்கிறது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் வயரை எலி கடித்திருக்கிறது. இடது சைலன்சரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நல்ல சங்கதியும் உண்டு: இன்ஜின் கேஸில் எங்கேயும் விரிசல் இல்லை, இன்ஜின் எண், சட்ட எண் இரண்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிகூட முழுசாக இருக்கிறது.

என்னிடம் ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், மல்டிமீட்டர், ஒரு சின்ன வைஸ் இருக்கின்றன. சைக்கிள், பம்பு மோட்டார் எல்லாம் நானே பிரித்துச் சேர்ப்பேன். இன்ஜினை மட்டும் இதுவரை திறந்ததில்லை.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முழுக்கப் பிரித்து, சட்டத்தை மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போடு என்கிறார் ஒருவர். கியரில் போட்டு நாலு பேர் தள்ளினால் பிஸ்டன் தானே விட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். டேங்க்குக்குக் கக்கூஸ் கழுவும் ஆசிட் போதும் என்றும் சொன்னார்கள்.

எனக்கு வண்டி புதுசு மாதிரி மின்ன வேண்டும் என்ற ஆசை இல்லை. டேங்க்கில் முழங்கால் ரப்பருக்கு மேலே, பெரியப்பாவின் கால் உரசி உரசி மெரூன் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிற இடம் ஒன்று உண்டு, உள்ளங்கை அகலத்துக்கு. அது அப்படியே இருக்க வேண்டும், வண்டியும் ஓட வேண்டும். முதல் வேலை எது?


பட்டறைவாசி:

தம்பி, முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. குறிப்பாக, வண்டியைக் கழுவாதீர்கள். அந்த அழுக்கில்தான் வண்டியின் வரலாறு எழுதியிருக்கிறது. எந்த மூடிக்குக் கீழே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக இருக்கிறது, சிலிண்டருக்கும் கேஸுக்கும் நடுவில் எங்கே ஈரம் கோடு போட்டிருக்கிறது, கார்புரேட்டர் சேரும் இடத்தைச் சுற்றி வெளிறிய கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிவிட்டால் இன்ஜின் எங்கே கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது இறுகின பிஸ்டன். தள்ளி விடுவிக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். கிக்கரின் மேல் ஏறி நிற்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் பல் உடைந்தால் கேஸைப் பிளக்க வேண்டிவரும். இந்த வண்டியில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஈரத்தில் சும்மா நின்ற வண்டியில் பெரும்பாலும் பிஸ்டன் ஒட்டியிருக்காது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்தான் துருவில் சிலிண்டரைப் பிடித்திருக்கும். அவசரப்பட்டு அடித்தால் ரிங் உடையும், அதோடு பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பும் பெயர்ந்துவிடும். பொறுமையாக இருந்தால் இரண்டும் தப்பலாம்.

உங்கள் வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எக்சாஸ்ட் குழாயைக் கழற்றினால் போர்ட் (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் வாய்) வழியாகவே பிஸ்டனைப் பார்க்கலாம். சிலிண்டரில் மறை போட்டு இறுக்கிய இரண்டு வளைய நட்டுகள் இருக்கும். அவற்றுக்குக் கொக்கி ஸ்பேனர் வேண்டும். உளியும் சுத்தியும் வைத்துத் தட்டி ஓரத்தைச் சிதைக்காதீர்கள். நட்டைச் சுற்றி துருவிளக்கி எண்ணெய் விட்டு, இடைவெளி கொடுத்து மறுபடி விட்டு, அப்புறம் திருப்புங்கள். குழாய் வந்ததும் டார்ச் அடியுங்கள்: பிஸ்டன் போர்ட்டை மூடி நிற்கிறதா, திறந்து நிற்கிறதா? இதை முதலில் தெரிந்துகொள்வது முக்கியம். போர்ட் திறந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாக நீங்கள் ஊற்றும் எண்ணெய் முழுவதும் அந்தப் பக்கமாக வழிந்து தரைக்குப் போய்விடும், ரிங்கில் நிற்காது. அப்படியிருந்தால் போர்ட்டை ரப்பர் துண்டு வைத்து அடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

என்ன ஊற்றுவது? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் சமபங்கு. இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊற்ற வேண்டும். தீப்பொறி பக்கத்தில் இருக்கக் கூடாது. பெயின்ட் மேல் ஒரு சொட்டு பட்டாலும் உரிந்துவிடும், டேங்க்கை முதலிலேயே இறக்கிவிடுங்கள். அசிட்டோன் வேண்டாம் என்றால் வெறும் டீசலும் வேலை செய்யும், நேரம்தான் கூடும். ஊறட்டும். நடுநடுவே வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். கை பலம் போதும். ஒருநாள் மயிரிழை அளவு அசைவு தெரியும். அன்றைக்கு உற்சாகத்தில் இழுத்துவிடாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு நிறுத்துங்கள்.

பிஸ்டன் விட்டதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்: பிளக் போட்டு, கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஒரு உதை உதைத்துப் பார்க்கலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே பம்பு மாதிரி. கலவை அதற்குள் போய்த்தான் சிலிண்டருக்கு வருகிறது. ஊறிக் கரைந்த துரு முழுவதும் இப்போது அந்த அறையில், கிராங்க் பேரிங் மேலும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் மேலும் உட்கார்ந்திருக்கும். ஹெட்டைக் கழற்றி சிலிண்டரைத் தூக்கியே ஆக வேண்டும்.

சிலிண்டரைத் தூக்கும்போது நேராகத் தூக்குங்கள், இடமும் வலமும் திருகாதீர்கள். ஒவ்வொரு ரிங்கின் வாயும் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணியில் நிற்கும். அது போர்ட் பக்கம் வராமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். சிலிண்டரைத் திருப்பினால் ரிங்கின் முனை போர்ட்டில் மாட்டி ஒடியும். பாதி தூக்கியதும் ராடைச் சுற்றி சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ வட்டக் கிளிப்போ கிராங்க் அறைக்குள் விழுந்தால் வேலை இரட்டிப்பாகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கிராங்க் ஆயில் சீலைப் பற்றி. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை எழுப்புகிறவர்கள் பெயின்ட், குரோம், சீட் என்று செலவழித்துவிட்டு இந்த இரண்டு ரப்பர் வளையங்களை விட்டுவிடுகிறார்கள். இருபது வருடம் நின்ற வண்டியில் சீலின் உதடு காய்ந்து கல்லாகியிருக்கும். டைனமோ பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறையும், வண்டி நன்றாக ஓடுகிற மாதிரியே தெரிந்து, சூடேறி, ஒரு நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடித்து ஓயாமல் புகை விடும். கார்புரேட்டரில் என்ன ஜெட் மாற்றினாலும், டைமிங்கை எப்படி வைத்தாலும் இது தீராது. சட்டம் பளபளக்கிறதா என்பதைவிட இந்த இரண்டு சீலும் காற்று பிடிக்கிறதா என்பதுதான் வண்டியின் உயிர்.

பெயின்ட் கடைசியில். மணல் அடிப்பதும் பவுடர் கோட்டிங்கும் உங்கள் வண்டிக்குத் தேவையே இல்லை. மணல் துகள் புகாத ஓட்டை கிடையாது, பவுடர் கனமாக ஏறினால் சட்ட எண் மறைந்துபோகும். தேய்ந்த அந்த உள்ளங்கை இடத்தைத் திரும்ப வரவைக்க எந்தப் பெயின்டராலும் முடியாது.


செம்புக்கம்பி:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் வயரிங் மட்டும் சொல்கிறேன்.

புது பாட்டரி வாங்கிச் செருகிப் பார்க்கும் வேலை வேண்டாம். எலி கடித்த வயரில் பாட்டரி கொடுத்தால் புகை வருவது இன்ஜினிலிருந்தாக இருக்காது. பழைய வயர் தொகுப்பை அறுக்காமல் முழுசாக எடுத்து, ஒரு பலகையில் விரித்துக் கட்டி, அதையே அச்சாக வைத்துப் புதுசு செய்யுங்கள். ஒவ்வொரு முனையிலும் அது போகும் இடத்தை எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். பாட்டரியின் எந்த முனை சட்டத்தில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இது 6 வோல்ட் வண்டி. அதே வாட்ஸுக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓடும்: 25 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுத்தால், 6 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு துருப்பிடித்த இணைப்பில் அரை வோல்ட் விழுந்தாலே பல்பு மஞ்சளாகிவிடும். ‘ஜாவா லைட் மெழுகுவர்த்தி மாதிரிதான் எரியும்’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் எர்த்தைச் சுத்தம் செய்து பார்க்காதவர்கள். தடித்த வயர் போடுங்கள், எர்த் போல்ட்டுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தொடும்படி இறுக்குங்கள், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போடுங்கள். 12 வோல்ட்டாக மாற்றும் கிட்டுகள் உண்டு, ஆனால் உங்கள் மனசு அதில் இல்லை என்று தெரிகிறது. 6 வோல்ட்டையே ஒழுங்காகச் செய்தால் போதும்.

வலது மூடிக்குள் டைனமோவும், பிளக்குக்குப் பொறி வர மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டும் இருக்கும். பாயிண்ட் முகத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நகம் சீவும் அரம் போல மெல்லியதால் ஒரு இழுப்பு, பிறகு அசிட்டோன் தொட்ட தாளை நடுவில் விட்டு இழுங்கள். இடைவெளி 0.4 மி.மீ. கண்டென்சரைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள், அந்த வயசுக் கண்டென்சரை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. டைனமோவில் கார்பன் பிரஷ் அதன் கூட்டில் தடையில்லாமல் வழுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பாதி டைனமோக்கள் இறந்ததாகச் சொல்லப்படுவது பிரஷ் மாட்டிக்கொண்டதால்தான்.


துருவேட்டை:

டேங்க்குக்கு நான் வருகிறேன். கக்கூஸ் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். துருவோடு தகரத்தையும் தின்னும், ஓரத்தில் வழிந்தால் குரோமைக் கெடுக்கும், கழுவிக் காய்வதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு வந்து நிற்கும். வேண்டவே வேண்டாம்.

பெட்ரோல் டேப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, செதிலை முதலில் வெளியேற்றுங்கள். போட்ட நட்டுகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் திரும்ப வர வேண்டும். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலை வாய்வரை நிரப்பி ஊறவிடுங்கள். முழுசாக நிரப்ப வேண்டும். பாதி நின்றால் அந்த மட்டத்தில் கோடு போட்ட மாதிரி அரிக்கும். கொட்டியதும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உடனே காய வைத்தல். ஹேர் டிரையர் வைப்பதாக இருந்தால் பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். காய்ந்ததும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கொஞ்சம் விட்டுச் சுழற்றி உள்பக்கம் முழுக்கப் பூசிவிடுங்கள்.

துரு கனமாக இருந்தால் மின்பகுப்பு முறை இன்னும் நல்லது: சலவை சோடா கரைசல், உள்ளே டேங்க்கைத் தொடாமல் தொங்கும் இரும்புக் கம்பி, சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்க்குக்கு. கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில், தீ அருகில் இல்லாமல் செய்யுங்கள். எதைச் செய்தாலும் வெளிப்பக்கம் பெயின்ட் மேல் கிரீஸ் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றிவிடுங்கள்.

டேங்க் குரோமில் புள்ளித் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மெத்து, கீறாது. மெரூன் பெயின்ட்டுக்கு பாலிஷ் போடும்போது துணியில் நிறம் ஒட்டினால் பயப்படாதீர்கள், அந்தக் காலப் பெயின்ட்டின் மேல் தோல் வெளிறிப் போனது வருகிறது, அடியில் நல்ல நிறம் இருக்கும். அந்தத் தேய்ந்த இடத்தில் மட்டும் பாலிஷ் வேண்டாம், வெறும் மெழுகு.

இன்னொன்று. பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஊதாதீர்கள், காற்று அடிக்காதீர்கள். அந்தக் கால லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியோடு கட்டி எறியுங்கள்.


மெரூன்250:

அண்ணா, பிஸ்டன் விட்டது! எக்சாஸ்ட் நட்டு கழல எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். நீங்கள் சொன்னபடி போர்ட் பாதி திறந்து நின்றது, அடைத்துவிட்டுத்தான் ஊற்றினேன். சிலிண்டரை நேராகத் தூக்கினேன், ரிங் எதுவும் உடையவில்லை. ஆனால் சிலிண்டருக்குள் ரிங் நின்ற இடத்தில் வளையமாகக் கறுப்புக் கறை, அதில் ஒரு பக்கம் நகம் மாட்டுகிறது. ராடை மேலும் கீழும் இழுத்தால் ஆட்டம் தெரியவில்லை, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்கிறது. கிராங்க் அறையில் சேறு மாதிரி எண்ணெய். இப்போது ஹோன் அடித்துப் புது ரிங் போட்டால் போதுமா? சீல் நல்லா இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


பட்டறைவாசி:

நல்ல செய்தி, தம்பி. ராடில் மேல்கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது, பக்கவாட்டில் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். ஆக, ராடின் பேரிங் இதுவரை தேறியது. கிராங்க் அறையை டீசல் விட்டுப் பல தடவை கழுவுங்கள், ஒவ்வொரு தடவையும் கிராங்க்கைக் கையால் சுற்றி, வெளியே வரும் டீசலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் துகள் நிற்காமல் போகும் வரைக்கும். அப்புறம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு மெதுவாகச் சுற்றி, பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று விரலால் உணருங்கள். சத்தத்தைவிட விரல் நன்றாகச் சொல்லும். கரகரத்தால் கேஸைப் பிரித்து பேரிங் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நகம் மாட்டுகிறது என்றால் ஹோன் போதாது. ஹோன் பளபளப்பை எடுத்து எண்ணெய் நிற்கக் குறுக்குக் கோடு போடும், அவ்வளவுதான். குழியை எடுக்காது. அந்தக் குழியின் விளிம்பில் புது ரிங் ஒவ்வொரு சுற்றிலும் உரசித் தேயும். இந்த இன்ஜினுக்கு மூல அளவு 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). சிலிண்டரின் மேலே, நடுவே, கீழே, முன்பின், பக்கவாட்டு என்று அளந்து எழுதுங்கள். ஏற்கெனவே போர் செய்திருக்கிறார்களா (உள்ளே கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்களா) என்பது பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் எண்ணில் தெரியும். அடுத்த பெரிய பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிஸ்டனுக்குத்தான் போர் செய்யச் சொல்ல வேண்டும். முதலில் போர், அப்புறம் பிஸ்டன் தேடுவது என்றால் இடைவெளி எப்படியோ போகும். போர் முடிந்து வந்ததும் போர்ட் ஓரங்களை விரலால் தடவுங்கள். கூர்மையாக இருந்தால் மெல்லிய கல் வைத்து மழுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ரிங்கை அது சீவும். ரிங்கை வெறும் சிலிண்டரில் வைத்து வாய் இடைவெளியைப் பாருங்கள், 65 மி.மீ. போருக்கு கால் மி.மீ. பக்கத்தில் இருந்தால் சரி.

சீலை உங்கள் வண்டியில் சோதிக்கவே வேண்டாம், புதுசு போடுங்கள். போட்டு முடித்த பிறகு சோதிக்க வேண்டும். அதற்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பும் மீட்டரும் போதும். சிலிண்டர், ஹெட் எல்லாம் பூட்டி, எக்சாஸ்ட் வாய் இரண்டையும் ரப்பரால் அடைத்து, கார்புரேட்டர் உட்காரும் வாயையும் தகடு வைத்து மூடி, பிளக் ஓட்டையில் ஒரு குழாய் பொருத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து மீட்டரில் 250 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வரை காற்று ஏற்றுங்கள். முள் நின்றால் உங்கள் இன்ஜின் ஓடத் தயார். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு ஒவ்வொரு இணைப்பாக வையுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். வெளியே எங்கேயும் குமிழி இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால், கியர்பாக்ஸ் எண்ணெய் ஊற்றும் ஓட்டையில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். கிளட்ச் பக்கச் சீல் அங்கேதான் மூச்சு விடும். இந்தச் சோதனை செய்யாமல் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைச் சட்டத்தில் ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

முதல் ஓட்டத்துக்குப் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 50 மி.லி. எண்ணெய், பதப்பட்ட பிறகு 40 மி.லி. முதலில் வெள்ளைப் புகை மண்டும். நீங்கள் பூசிய எண்ணெய் எரிகிறது, கலங்க வேண்டாம். சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரை மூடியும் சுற்று இறங்காமல் எகிறி நின்றால், ஓட்டாமல் உடனே நிறுத்திவிட்டு காற்றுக் கசிவைத் தேடுங்கள்.


மெரூன்250:

சீல், பிஸ்டன் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன், அண்ணா. சிலிண்டரை அளந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன். டேங்க் இன்று சிட்ரிக்கில் ஊறுகிறது, துருவேட்டைக்கு நன்றி. ஒரு சின்னக் கேள்வி: முன் டயரில் பட்டன் நிறைய இருக்கிறது, வெடிப்பும் பெரிதாக இல்லை. அதை வைத்துக்கொள்ளலாமா?


துருவேட்டை:

வேண்டாம். பட்டனைப் பார்க்காதீர்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாது. ரப்பர் இறுகிவிட்டது; ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் அது பிடிக்காது. 2000க்குப் பிறகு வந்த டயரில் வாரமும் வருடமுமாக நாலு இலக்கம் இருக்கும், மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது போன நூற்றாண்டு டயர். அளவு 3.25-16, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், டியூபும் ரிம் பட்டையும் கூட. டயர் கழற்றியதும் ரிம்மின் உள்பக்கம் ஸ்போக் நிப்பிள்களைச் சுற்றித் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பின் ரிம்மை முதலில்.